பொச்சாப்பு யாருடையது?

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல நாலடியாரிலிருந்தோ நீலகேசியிலிருந்தோ ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பேனா வேறு பக்கம் போய்விட்டது.

நான் புலவன் அல்லன். மும்பையில் எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்பவன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றது. கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்ததுதான் என் கல்வி. பிழை இருந்தால் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

இக்கட்டுரை திருக்குறளில் ஓர் அதிகாரத்தையும் சில திரைப்படங்களையும் பற்றியது. இரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டும் மறதியைப் பற்றிப் பேசுகின்றன. எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகள் மறதி குடியிருந்தது. என் தாயாருக்கு 2011இல் டிமென்ஷியா என்று டாக்டர் சொன்னார். அதில் அல்சைமர் என்னும் வகை. 2019இல் அம்மா மறைந்தார். அந்த எட்டு ஆண்டுகளில் படித்ததையும் பார்த்ததையும் இப்போது எடுத்து எடை போட்டுப் பார்க்கிறேன். எடையில் முதலில் குறைந்தவன் நானே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரிலேயே பிழை

நம் பத்திரிகைகள் இந்நோயை ‘முதுமை மறதி’ என்று எழுதுகின்றன. இரண்டு சொல்லும் சரியில்லை என்பது என் கருத்து.

முதலில் ‘முதுமை’. ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906இல் இந்நோயை மருத்துவர் சபையில் எடுத்துரைத்தார். அவர் விவரித்த பெண்மணியின் பெயர் அகுஸ்தே டெட்டர். 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு வந்தபோது அந்த அம்மாளுக்கு வயது 51. பெரும்பாலும் வயதானவர்களுக்குத்தான் வருகிறது என்பது உண்மையே. ஆனால் வயதானால் இப்படித்தான் என்பது உண்மையல்ல. தொண்ணூறு வயதில் பேரனுக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பாட்டனார்கள் நம் சங்கத்திலேயே உண்டு. ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று சொல்லிச் சொல்லி நாங்கள் இரண்டு வருடத்தை வீணாக்கினோம்.

அடுத்தது ‘மறதி’. இந்நோய்க்கு மறதி ஒரு வாசல்தான். உள்ளே பல அறைகள். வழி தெரியாமல் போவது, சொல் வராமல் தடுமாறுவது, பகல் இரவு குழம்புவது, சந்தேகப்படுவது, கையில் இருக்கும் சீப்பை எதற்கென்று தெரியாமல் பார்ப்பது, எல்லாம் இதில் அடக்கம். அம்மாவிடம் நாங்கள் முதலில் கண்டது மறதியே இல்லை. அறுபது வருடமாக ரசம் வைத்த கை. ஒருநாள் புளியைக் கரைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றார். என் மனைவிதான் கவனித்தாள். நான் கவனிக்கவில்லை, ரசம் எனக்கு இலைக்கு வந்தால் போதும்.

மறதி என்று பெயர் வைத்ததும் என்ன நடக்கிறது? நினைவூட்டினால் சரியாகிவிடும் என்று வீடு நினைக்கிறது. ‘இப்பத்தானேம்மா சொன்னேன்?’ என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை. கால் இல்லாதவரிடம் ஏன் நடக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இவர்களிடம் மட்டும் கேட்கிறோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறப்பதெல்லாம் டிமென்ஷியா அல்ல. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே வேஷம் போட்டு வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. நம் போன்ற சைவ உணவுக்காரர்கள் பி12 விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கும் அது குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டதில் கொஞ்சம் தெளிவு வந்தது, நோய் போகவில்லை. ஆனாலும் டாக்டரிடம் போகாமல் வீட்டிலேயே முடிவு கட்டக்கூடாது.

வள்ளுவர் கண்டித்த மறதி எது?

பொருட்பாலில் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி என்று அகராதி சொல்லும். அதிகாரம் முழுவதும் மறதியைக் கடுமையாகக் கண்டிக்கிறது. அளவு மீறிய கோபத்தைவிட, மகிழ்ச்சிக் களிப்பில் வரும் மறதி கேடு என்பது முதற்குறளின் கருத்து. நானே சங்க மேடையில் இந்த அதிகாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கியிருக்கிறேன். அப்போது அம்மா வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘என் பிள்ளை இன்னும் ஸ்கூல்லேர்ந்து வரலியே’ என்று அழுதுகொண்டிருந்தாராம்.

அதற்கப்புறம்தான் அந்த அதிகாரத்தை மறுபடி படித்தேன். அது எங்கே இருக்கிறது? அரசியலில். யாருக்குச் சொன்னது? அதிகாரமும் செல்வமும் உள்ளவனுக்கு. அழகும் செல்வமும் வலிமையும் தந்த களிப்பில், செய்ய வேண்டியதில் சோர்ந்து போவதே பொச்சாப்பு என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அதாவது நினைக்க முடிந்தவன் நினைக்காமல் விடுவது. நினைக்கவே முடியாதவரைப் பற்றி வள்ளுவர் அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எங்கள் சமண மரபில் இதற்குப் பிரமாதம் என்று பெயர். கச்சேரியில் ‘பிரமாதம், பிரமாதம்’ என்கிறோமே, அதே சொல்தான். வடமொழியில் அதற்குக் கவனக்குறைவு, அசட்டை என்று பொருள். ஓர் உயிருக்குத் துன்பம் செய்வது எப்போது இம்சை ஆகிறது என்ற கேள்விக்கு, பிரமாதத்தோடு செய்யும்போது என்று தத்துவார்த்த சூத்திரம் விடை தருகிறது. வள்ளுவர் எங்கள் சமயத்தவரா இல்லையா என்ற பழைய வழக்கை நான் இங்கே இழுக்கவில்லை. பொச்சாப்பும் பிரமாதமும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் எங்கள் வீட்டில் பொச்சாப்பு யாருடையது? அம்மாவுடையது நோய். பொச்சாப்பு என்னுடையது.

திரையில் கண்டது

2015 ஏப்ரலில் மணிரத்னத்தின் ‘ஓ காதல் கண்மணி’ வந்தது. நம் மும்பையில் நடக்கும் கதை. இளஞ்ஜோடி ஒன்று வாடகைக்குத் தங்கும் வீட்டில் கணபதி, பவானி என்று ஒரு வயதான தம்பதி. பவானி கர்நாடக சங்கீதப் பாடகி, அவருக்கு அல்சைமர். கணபதியாகப் பிரகாஷ்ராஜ், பவானியாக லீலா சாம்சன். நண்பர்களோடு போய்ப் பார்த்தேன். மனைவி வரவில்லை, அம்மாவை யார் பார்ப்பது? படம் முடிந்து கண்ணீரோடு வீட்டுக்கு வந்து, கணபதி தன் மனைவியை எப்படித் தாங்குகிறார் பார் என்று கதை முழுவதும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்:

‘அந்தப் பவானியம்மாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரப் புடவையை மாத்துனது யாரு? அதைக் காட்டுனாங்களா?’

காட்டவில்லை. குறையாகச் சொல்லவில்லை, அந்தப் படம் நோயின் முற்பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதில் அன்பு இருக்கிறது, பாட்டு இருக்கிறது. ஆனால் அவள் கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற படங்களையும் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, நம் சினிமா இந்நோயை யாருக்குக் கொடுக்கிறது என்பது. 2005இல் வந்த ‘பிளாக்’ இந்திப் படத்தில் ஆசிரியருக்கு. அதே ஆண்டு ‘மைனே காந்தி கோ நஹீன் மாரா’வில் ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு. 2015இல் பாடகிக்கு. அறிவும் கலையும் உள்ளவர் இழந்தால்தான் இழப்பு பெரிதாகத் தெரியும் என்று கதாசிரியர்கள் நினைக்கிறார்கள் போலும். பள்ளிக்கூடமே போகாத என் தாயார் எதை இழந்தார்? எந்தக் கடையில் எந்தத் தேதியில் வாங்கிய பருப்பு, எந்த உறவுக்கு எந்த வருஷம் என்ன சீர், எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பேரேடே தலைக்குள் இருந்தது. அது அழிந்தபோது மேடையும் இல்லை, கைதட்டியவரும் இல்லை.

2005இல் மலையாளத்தில் பிளெஸ்ஸி இயக்கிய ‘தன்மாத்ரா’ இதில் ஓரளவு மாறுபடுகிறது. மோகன்லால் நடித்த ரமேசன் நாயர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நடுவயதுக் குடும்பஸ்தர். மகன் ஐ.ஏ.எஸ். ஆக வேண்டும் என்பது அவர் கனவு. அலுவலகக் கோப்பை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தேடுவார். இதைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. எங்கள் வீட்டில் சாவிக்கொத்து அரிசி டப்பாவில் இருந்தது. நோய் முற்றி அவர் குழந்தையாகும் வரை இந்தப் படம் கூடவே போகிறது. நான் பார்த்தவற்றில் நோயை அதிக தூரம் பின்தொடர்ந்தது இதுதான்.

இரண்டாவது விஷயம், காணாமல் போவது. ‘ஓ காதல் கண்மணி’யின் முடிவில் பவானி காணாமல் போகிறார், மழையில் தேடுகிறார்கள், கிடைக்கிறார். ஹேமந்த் ராவ் இயக்கி 2016இல் வந்த கன்னடப் படம் ‘கோதி பண்ண சாதாரண மைகட்டு’. அதில் அனந்த் நாக் நடித்த தந்தை காணாமல் போவதுதான் கதையே. அது 2018இல் ராதாமோகன் இயக்கத்தில் ‘60 வயது மாநிறம்’ என்று தமிழுக்கு வந்தது. இரண்டு தலைப்பும் காணவில்லை அறிவிப்பின் வாசகங்கள். கோதுமை நிறம், சாதாரண உடல்வாகு. அறுபது வயது, மாநிறம். ஒரு மனிதனைப் பற்றி நோட்டீஸில் எழுத அவ்வளவுதான் இருக்கிறதா என்று தலைப்பே கேட்கிறது. இந்த நோயைச் சாதாரண மனிதனுக்குக் கொடுத்ததற்காகவே அந்தத் தலைப்புக்கு நான் தலை வணங்குகிறேன். தந்தையைத் தேடும் மகன், தேடும்போதுதான் தந்தையை அறிகிறான்.

வேடிக்கை பாருங்கள். 2015இல் நோயாளியைத் தாங்கும் கணவராக வந்த அதே பிரகாஷ்ராஜ், 2018இல் நோயாளியாக வருகிறார். தராசின் இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மூன்றே வருடம். வீடுகளிலும் இப்படி நடப்பதுண்டு.

ஆனால் தேடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கிடைத்தவுடன் கதை முடிந்துவிடும். எங்கள் அம்மாவும் ஒருநாள் காணாமல் போனார். நான்கு மணி நேரம் தேடினோம். ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நானும் கட்டிப்பிடித்து அழுதேன். சினிமாவாக இருந்தால் அங்கே விளக்குப் போட்டிருப்பார்கள். எங்களுக்கு அதற்கப்புறம் நான்கு வருடம் பாக்கி இருந்தது. நம் கதைகள் கிடைத்ததோடு முடிகின்றன. வீட்டில் பாடு கிடைத்த பிறகுதான் ஆரம்பம். என் விமர்சனம் இவ்வளவே.

இரவுச் சோறு

திரையில் வராத அந்தப் பகுதியிலிருந்து இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

நாங்கள் சமணர்கள். சூரியன் மறைந்தபின் உண்பதில்லை என்பது அம்மாவின் வாழ்நாள் விரதம். கல்யாண வீட்டிலும் பிரயாணத்திலும் தவறியதில்லை. நோய் முற்றியபின் ஐந்தரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு, ‘எனக்கு ஏன் சோறு போடல? பசிக்குது’ என்று கேட்க ஆரம்பித்தார். பொழுது சாயும் நேரத்தில் இந்நோயாளிகளுக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான், ‘அம்மா, நீங்க விரதக்காரங்க, ராத்திரி சாப்பிடக்கூடாது’ என்று விளக்கினேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தம்மை யாரோ கடத்திவந்து பட்டினி போடுவதாக நினைத்து அம்மா அலறினார்.

ஒருநாள் என் மனைவி என்னைக் கேட்காமலே தட்டில் கொஞ்சம் மோர்சாதம் பிசைந்து ஊட்டினாள். அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் கோபத்தில் கத்தினேன். ‘அவங்க விரதத்தை உடைச்சிட்டியே’ என்றேன். அவள், ‘விரதம் அவங்க எடுத்தது. அதை நீங்க அவங்க வயித்துல காப்பாத்தறீங்க’ என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. விரதம் என்பது அறிந்து, மனம் ஒப்பி எடுப்பது, காப்பது. அறியும் கதவே சாத்தியபின் விரதபங்கம் யாருக்கு? பசித்த உயிரை அலறவிட்ட இம்சை யாருக்கு? நான் படித்த நூல்களெல்லாம் என் மனைவிக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லின.

ஊருக்குப் போகும் பஸ்

இரண்டாவது, வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு முக்கியமானது. நாற்பது வருடம் மும்பையில் இருந்து அம்மா இந்தியும் மராத்தியும் காய்கறி பேரம் பேசும் அளவுக்குக் கற்றிருந்தார். அவை முதலில் போயின. கடைசியில் கற்றது முதலில் போகும், முதலில் கற்றது கடைசி வரை நிற்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மிஞ்சியது ஊர்த் தமிழும், பஞ்ச நமஸ்கார மந்திரமும். பகலில் துணைக்கு வந்த மராத்திக்கார அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. தண்ணி, பசி, வலி, பாத்ரூம், வா, உட்காரு என்று ஆறு சொல்லைத் தேவநாகரி எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அந்த ஆறு சொல் வந்தபிறகு வீட்டில் சத்தம் பாதியாகக் குறைந்தது.

சாயங்காலமானால், ‘ஊருக்குப் போகணும், அம்மா தேடுவாங்க’ என்பார். அவருடைய அம்மா போய் ஐம்பது வருடம். நான் உண்மை சொன்னேன்: ‘பாட்டி செத்துப் போயிட்டாங்கம்மா.’ ஒவ்வொரு தடவையும் அன்றுதான் செத்ததுபோல அழுதார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் சாவு விழுந்தது. என் மனைவி வேறு மாதிரி செய்தாள். ‘போலாம் அத்தை, பஸ் வரட்டும். உங்க அம்மா என்ன குழம்பு வைப்பாங்க?’ என்று வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். குழம்பு, கிணறு, பொன்னூர்மலைத் திருவிழா என்று பேச்சுப் போகும். பஸ் வராமலேயே இருட்டிவிடும். அத்தை எழுந்து உள்ளே வந்துவிடுவார்.

பொய் சொல்கிறாளே என்று எனக்கு உறுத்தல். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்திலேயே வள்ளுவர் இடம் விட்டிருக்கிறார். அதை நான் மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் வீட்டு வராந்தாவில் அது நடந்தபோது எனக்குத் தெரியவில்லை.

மூடிய விளக்கு

அம்மாவைப் பார்க்க வந்த உறவினர் சிலர், ‘முன்வினை, என்ன செய்ய?’ என்றார்கள். எங்கள் சமயத்தவரும் சொன்னார்கள். அவர்களுக்கும் ஒரு மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது. அறிவை மறைக்கும் வினைக்கு ஞானாவரணீயம் என்று பெயர். ஆவரணம் என்றால் மூடி, திரை. கண்ணை மறைத்துக் கட்டிய துணியை அதற்கு உவமை சொல்வார்கள். இதில் எல்லாரும் வினையைப் பிடித்துக்கொள்கிறார்கள், உவமையை விட்டுவிடுகிறார்கள். துணி கட்டியதால் கண் இல்லாமல் போவதில்லை. அறிவு உயிரின் இயல்பு, அது அழிவதில்லை, மறைக்கத்தான்படும் என்பதே அங்கே சொல்லப்படுவது. அப்படியானால் எதிரே உட்கார்ந்திருப்பவர் இருக்கிறார். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி ‘இதுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று பேசுவது தத்துவப் பிழையும்கூட.

முன்னோர்களுக்கு அல்சைமர் தெரியும் என்று நான் சாதிக்க வரவில்லை. மூளையின் அணுக்கள் அழிவது விஞ்ஞானம் கண்ட உண்மை; அதை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. எப்படி நடந்துகொள்வது என்பதற்கு மட்டும் அந்த உவமை எனக்கு உதவியது.

சங்கத்தாருக்கு விண்ணப்பம்

2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. நூறு முதியவர்களில் ஏழு பேர். நம் சங்கக் குடும்பங்களில் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களை விழாவுக்கு யாரும் அழைத்து வருவதில்லை, அவ்வளவுதான்.

உதவி இல்லாமல் இல்லை. 1992இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. முதியோருக்கான அரசின் உதவி எண் 14567. ஆனால் ஒரு தமிழ்ச் சங்கம் மட்டும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஒரு மதியம், இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய் ஊர்த் தமிழில் பேசிக்கொண்டிருக்கலாம். பழைய பாட்டைப் பாடலாம், ஊர்க் கோயிலைப் பற்றிக் கேட்கலாம். பதில் சரியாக இருக்க வேண்டியதில்லை. அந்த மூன்று மணி நேரம் அந்த வீட்டு மருமகளோ மகளோ மனைவியோ தூங்கலாம், இல்லை வெளியே போகலாம். எட்டு வருடத்தில் என் மனைவி ஒரு சினிமாவுக்குப் போகவில்லை என்பதை அம்மா மறைந்தபின்தான் நான் கணக்குப் பார்த்தேன். வியாபாரி நான், இந்த ஒரு பற்றை நாள்வழியில் எழுதவே இல்லை.

இக்கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டினேன். தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள். சற்று நேரம் கழித்து, ‘எனக்கு இந்த மாதிரி வந்தா நீங்க பாத்துக்குவீங்களா?’ என்று கேட்டாள். பார்த்துக்கொள்வேன் என்றேன். ‘அப்ப இந்த ஞாயித்துக்கிழமை ரசம் வைக்கக் கத்துக்கோங்க’ என்றாள்.

கற்றுக்கொண்டிருக்கிறேன். புளியைக் கரைத்தபின் என்ன என்று ஒவ்வொரு முறையும் அவளைக் கேட்க வேண்டியிருக்கிறது. இதுவரை அவள் ஒருமுறைகூட ‘இப்பத்தானே சொன்னேன்’ என்று சொல்லவில்லை.